முகாமுக்குப் போகும் பிள்ளையும் நனைகின்ற பாயும்

குழந்தை நலம்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கோடை விடுமுறை நெருங்கும்போது இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பயணம் குறித்தவை கூடிவிடுகின்றன. இம்முறை இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து வந்த நான்கு கடிதங்கள் ஏறக்குறைய ஒரே விஷயத்தைப் பேசுவதால், அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் மகனுக்குத் தை மாதம் ஏழு வயது நிறைந்தது. பகலில் எந்தக் குறையும் இல்லை. இரவில் மட்டும் வாரத்தில் மூன்று, நான்கு நாட்கள் படுக்கையிலேயே சிறுநீர் போய்விடுகிறான். சேர்ந்தாற்போல ஒரு மாதம்கூட நனையாமல் இருந்ததில்லை. மே மாதத் தொடக்கத்தில் அவன் பள்ளியின் குருளையர் படை (சாரணர் இயக்கத்தின் சிறுவர் பிரிவு) உச்சிப்புளிக்கு அருகிலுள்ள அரியமான் கடற்கரையில் இரண்டு இரவு கூடாரம் அடித்துத் தங்கப்போகிறது. போக வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஆனால் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுகிறான். அனுப்பவே வேண்டாம் என்கிறார் என் மாமியார். நான்கு பேர் சிரித்தால் தானாக நின்றுவிடும் என்கிறார் என் கணவர். அவரே பத்து வயது வரை பாயை நனைத்தவர் என்று மாமியார் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆறு மணிக்கு மேல் தண்ணீரே கொடுக்காமல் இருந்து பார்த்தோம்; எள்ளுருண்டையும் கொடுத்துவருகிறோம். நான் என்ன செய்யட்டும்?
— வாசகி, இராமநாதபுரம்

பதில்: அனுப்புங்கள். அந்த இரண்டு இரவுகளுக்குள் இதை நிறுத்திக் காட்ட வேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நனைந்தாலும் அது பிறர் அறியாமல் ஐந்து நிமிடத்தில் முடிந்துபோகும்படி ஏற்பாடு செய்து கொடுப்பதுதான் இப்போதைக்கு உங்கள் வேலை; நிறுத்துவதற்கான சிகிச்சை தனி, அது மாதக்கணக்கில் நடப்பது.

உங்கள் கணவரின் யோசனையை முதலில் விலக்கிவிடுகிறேன். உறங்கும் பிள்ளை தன் விருப்பத்தால் இதைச் செய்வதில்லை. அவமானத்தால் திருந்துவதற்கு அதில் அவன் செயல் எதுவும் இல்லை. இரவில் சிறுநீர் சுரப்பதைக் குறைக்கும் வாசோப்ரெசின் என்ற ஹார்மோன் சில பிள்ளைகளுக்குப் போதிய அளவில் கூடுவதில்லை; சிலருக்குச் சிறுநீர்ப்பை கொள்ளும் அளவு குறைவு; இவற்றோடு, பை நிறைந்ததும் மூளை எழுப்பிவிட வேண்டிய அந்த விழிப்பும் வருவதில்லை. ஐந்து வயதில் ஏறத்தாழ நூற்றுக்கு 15 பிள்ளைகளும் பத்து வயதில் நூற்றுக்கு 5 பிள்ளைகளும் படுக்கையை நனைக்கிறார்கள். பெற்றோரில் ஒருவருக்குச் சிறுவயதில் இது இருந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 40-க்கும் மேல். இருவருக்கும் இருந்திருந்தால் 75-ஐத் தாண்டுகிறது. எனவே இந்த வீட்டில் மகனைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை அவன் அப்பாவுக்குச் சற்றும் இல்லை. மாறாக, தனக்கும் பத்து வயது வரை இப்படித்தான் இருந்தது, பிறகு தானாக நின்றுவிட்டது என்று அவர் ஒருநாள் மாலை மகனிடம் சொல்லிவிட்டால், நான் எழுதித் தரக்கூடிய எந்த மருந்தைவிடவும் அது அந்தப் பிள்ளைக்குத் தெம்பு தரும். நாற்பது பிள்ளைகள் வரும் முகாமில் தன்னைப் போல இன்னும் ஓரிருவர் இருக்கக்கூடும் என்பதையும் அவன் அறியட்டும்.

முகாமுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் மூன்று செய்திகளைக் குறித்து வாருங்கள்: அன்று நனைந்ததா, எத்தனை மணிக்கு, மலம் எப்படிக் கழிந்தது. பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் விடியற்காலை மூன்றுக்கும் தொட்டுப் பார்த்தாலே நேரம் பிடிபட்டுவிடும். பல பிள்ளைகளுக்கு உறங்கிய முதல் சில மணி நேரத்துக்குள்ளேயே நனைந்துவிடுகிறது. உங்கள் மகனும் அப்படியென்றால், அந்த நேரத்துக்குச் சற்று முன்பு அவனை எழுப்பிக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லும்படி முகாமில் ஒருவரைக் கேட்டுக்கொள்ளலாம். இது குறையைத் தீர்க்காது. அன்றைய பாயைக் காப்பாற்றும், அவ்வளவுதான். எழுப்பினால் நன்றாக விழிக்கும்படி எழுப்ப வேண்டும்; அரைத் தூக்கத்தில் தூக்கிச் சென்று நிறுத்துவதால் பயன் குறைவு.

மலத்தைப் பற்றி ஏன் கேட்டேன் என்றால், குடலின் கடைசிப் பகுதியில் இறுகிக் கிடக்கும் மலம் சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. மலச்சிக்கலைச் சரிசெய்ததுமே நனைவது குறைந்த பிள்ளைகள் உண்டு. முகாமில் இது இன்னும் மோசமாகும், ஏனென்றால் பழகாத கழிப்பறையைக் கண்டு பிள்ளைகள் இரண்டு நாளும் அடக்கி வைத்துக்கொள்வார்கள். கீரையும் கொய்யாவும் வாழைப்பழமும் இப்போதிருந்தே அன்றாட உணவில் சேரட்டும். அதற்கும் இளகவில்லை என்றால் உங்கள் மருத்துவரிடம் மலம் இளக்கும் மருந்து கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் நான் உங்களோடு மாறுபடுகிறேன். மே மாதக் கடற்கரையில், கத்திரி வெயிலில், நாள் முழுதும் மணலில் ஓடுகிற ஏழு வயதுப் பிள்ளைக்கு நீரைக் குறைப்பது படுக்கை நனைவதைவிடப் பெரிய கேடு. அந்த வயதுப் பிள்ளை சாதாரண நாளிலேயே ஒரு லிட்டருக்கு மேல் அருந்த வேண்டும். கடற்கரையில் அது போதாது. அளவைக் குறைக்காமல் நேரத்தை மாற்றுங்கள். நாள் முழுதும் குடிப்பதில் ஐந்தில் இரண்டு பங்கு நண்பகலுக்குள்ளும், இன்னும் இரண்டு பங்கு மாலை ஐந்து மணிக்குள்ளும், மீதி ஒரு பங்கு அதற்குப் பிறகும் உள்ளே போகட்டும். பள்ளியில் தண்ணீர்ப் புட்டியைத் தொடாமல் வீடு திரும்பி மாலையில் மடக்கு மடக்காகக் குடிக்கும் பிள்ளைகளே இரவில் அதிகம் நனைக்கிறார்கள் என்பதை நோட்டு எழுதும்போது நீங்களே காணக்கூடும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான நீர் உள்ளே போகிறது என்று பொருள். ஐந்து மணிக்கு மேல் தாகம் என்று கேட்டால் தண்ணீர் கொடுங்கள்; தாகத்தோடு உறங்க வைக்காதீர்கள்.

இளநீர், நுங்கு, தர்பூசணி ஆகிய மூன்றும் நம் கடற்கரைக் கோடையின் செல்வங்கள். அவற்றை மறுக்க வேண்டியதில்லை, நான்கு மணிக்குள் முடித்துக்கொண்டால் போதும். தேநீரும் காபியும் கோலா பானங்களும் முகாமில் வேண்டவே வேண்டாம். கூடாரத்து மாலைகளில் பெரியவர்களோடு சேர்ந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு குவளைத் தேநீர் ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். இரவு உணவில் கருவாடு, அப்பளம், ஊறுகாய் போன்ற உப்பு மிகுந்தவை தாகத்தையும் கூட்டும், இரவுச் சிறுநீரையும் கூட்டும். எள்ளுருண்டை நல்ல தின்பண்டம், கொடுங்கள். மருந்து என்று அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

அடுத்து, மூட்டை கட்டுவது. கூடாரத்தின் தரை விரிப்பின் மேல் அவன் பாயை விரித்து, அதன் மேல் ஒரு ரப்பர் ஷீட், அதன் மேல் நான்காக மடித்த பழைய பருத்திப் புடவை. பிறகு மீண்டும் ஒரு ரப்பர் ஷீட், மீண்டும் ஒரு புடவை. நள்ளிரவில் நனைந்தால் மேலிருக்கும் இரண்டையும் சுருட்டிப் பைக்குள் தள்ளிவிட்டு, அடியில் உலர்ந்து கிடக்கும் விரிப்பில் அவன் படுத்துக்கொள்வான். விளக்கும் வேண்டாம், யாரையும் எழுப்பவும் வேண்டாம். மாற்றுக் கால்சட்டையும் ஒரு சிறு துவாலையும் கைக்கெட்டும் இடத்தில், தலையணைக்கு அடியில் இருக்கட்டும். ஸ்லீப்பிங் பேக் என்றால் கருநீலம் போன்ற அடர்ந்த நிறமாகப் பாருங்கள். வாய் இறுக்கி மூடக்கூடிய கெட்டியான பிளாஸ்டிக் பைகள் நான்கைந்தை மடித்து வையுங்கள்.

கால்சட்டை போல ஏற்றி மாட்டும் டயாபர்கள் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளின் அளவிலும் கிடைக்கின்றன. உறையில் வயதைப் பார்க்காமல் எடையைப் பார்த்து வாங்குங்கள். அதை அணிவதா வேண்டாமா என்பதை உங்கள் மகனே முடிவு செய்யட்டும். சில பிள்ளைகள் அதனால் நிம்மதியாக உறங்குகிறார்கள். சிலருக்கு அதுவே பெரிய வெட்கம். அவன் சம்மதித்தால், ஸ்லீப்பிங் பேக்குக்குள் இருந்தபடியே அணிந்து, காலையில் உள்ளேயே கழற்றிப் பையில் இட்டுக்கொள்ளப் பழக்குங்கள். கோடையில் மொட்டை மாடியில் படுக்கும் வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். முகாமுக்குக் கொண்டுபோகும் அதே விரிப்பு, அதே பை, அதே டார்ச் ஆகியவற்றோடு சில இரவுகள் மாடியில் படுத்து, எல்லாவற்றையும் அவன் கையாலேயே செய்து பார்க்கட்டும். இருட்டில் தடவிப் பார்த்தே எது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

முகாமில் ஒரே ஒரு பெரியவரிடம் மட்டும் சொல்லுங்கள். அவர் யார் என்பதை மகனோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். அவனுக்குத் தெரியாமல் சொல்லிவிட்டு, அவர் இரவில் வந்து எழுப்பும்போது அவன் திடுக்கிடும்படி செய்துவிடாதீர்கள். கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதைப் பகல் வெளிச்சத்திலேயே அவனுக்குக் காட்டச் சொல்லுங்கள். சவுக்குத் தோப்பு இரவில் இரைகிற இரைச்சலும் கரையில் திரியும் நாய்களும் வளர்ந்த பிள்ளைகளையே வெளியே வர விடுவதில்லை. படுக்கப் போகும் அரை மணி நேரத்துக்கு முன் ஒருமுறையும், படுக்கும்போது மறுமுறையும் சிறுநீர் கழித்துவிட வேண்டும்.

காலையில் எல்லாப் பிள்ளைகளும் கடலில் இறங்கும் திட்டம் இருந்தால் அவன் கவலை பெரிதும் குறையும். பாக் நீரிணைப் பக்கத்துக் கடல் அங்கே ஆழமின்றி அமைதியாக இருப்பதால் இறக்கிவிடும் வாய்ப்பும் அதிகம். ஆனால் கடல்நீரோடு குளியல் முடிந்துவிடக் கூடாது. சிறுநீர் பட்ட தோலில் உப்பும் மணலும் சேர்ந்து உரசினால் ஒரே நாளில் தொடை இடுக்கு சிவந்து புண்ணாகிவிடும். நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் ஒற்றி, தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லுங்கள். கரையோரக் கிணறுகள் பல உவர்ப்பாக இருப்பதால் ஒரு கேனில் நல்ல தண்ணீர் தனியே கொடுத்தனுப்புவது நல்லது. நனைந்த துணியைக் கடலில் அலசிக் காயப்போடுவதும் வீண் வேலை; உப்பு ஏறிய துணி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, இரவில் மறுபடியும் பிசுபிசுக்கும்.

படுக்கை நனையும்போது ஒலி எழுப்பும் அலாரக் கருவியை வாங்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. நல்ல சிகிச்சைதான், பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். முகாம் முடிந்து வந்து தொடங்குங்கள். கூடாரத்தில் அது ஒலித்தால் எல்லாப் பிள்ளைகளும் எழுவார்கள், சில நேரம் உங்கள் மகனைத் தவிர.

கேள்வி: ஒன்பது வயது மகனுக்கு இன்னும் இந்தக் குறை இருக்கிறது. மாத்திரை ஒன்று கொடுத்தால் அன்று இரவு நனையாது, முகாமுக்குப் போகும் நாளில் மட்டும் கொடுத்தால் போதும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கலாமா?
— வாசகர், மண்டபம்

பதில்: கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். நண்பர் சொல்வது டெஸ்மோப்ரெசின் என்ற மருந்தாக இருக்க வேண்டும். முந்தைய பதிலில் சொன்ன வாசோப்ரெசின் ஹார்மோனைப் போலச் செயற்கையாகச் செய்யப்பட்டது. சிறுநீரகம் இரவில் சுரக்கும் நீரின் அளவைச் சில மணி நேரம் குறைத்து வைக்கும். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, முகாம், திருமண வீடு, உறவினர் வீட்டில் தங்குதல் போன்ற ஒரு சில இரவுகளுக்கு மட்டும் இதைக் கொடுப்பது மருத்துவத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான். ஆகவே உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி.

மீதிப் பாதி இது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த மருந்து வேலை செய்வதில்லை. சிலருக்கு முழுப் பலன், சிலருக்கு ஓரளவு, சிலருக்கு ஒன்றுமே இல்லை. சிலருக்கு முதலில் கொடுக்கும் அளவு போதாமல் கூட்ட வேண்டியிருக்கும். முகாமின் முதல் இரவில்தான் முதன்முதலாக அதை விழுங்குவது என்றால், பலன் இருக்கும் என்ற நம்பிக்கையில் வேறு ஏற்பாடு எதுவும் இல்லாமல் பிள்ளை நனைந்து எழுவான். குறைந்தது இரண்டு வாரம் முன்பாகவே மருத்துவரைப் பார்த்து, வீட்டிலேயே சில இரவுகள் கொடுத்து, சரியான அளவைக் கண்டுகொண்டு போக வேண்டும்.

இதைவிட முக்கியமானது தண்ணீர். மருந்து உடலில் இருக்கும் நேரத்தில் நிறைய நீர் உள்ளே போனால் அது வெளியேற வழியின்றி இரத்தத்தில் சோடியத்தின் அளவைக் குறைத்துவிடும். தலைவலி, குமட்டல், வாந்தி என்று தொடங்கி, மனக்குழப்பம், வலிப்பு வரை போகக்கூடும். மூக்கில் அடிக்கும் வடிவத்தில் இந்த ஆபத்து மிகுதி என்பதால் படுக்கை நனைப்பதற்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2007-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்துவிட்டது. யாரேனும் பழைய புட்டியைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மாத்திரை என்றாலும், விழுங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்து விழுங்கிய பின் எட்டு மணி நேரம் வரை ஓரிரு மிடறுக்கு மேல் எதுவும் அருந்தக் கூடாது. முந்தைய வாசகிக்குத் தாகம் எடுத்தால் தண்ணீர் கொடுங்கள் என்று எழுதினேன். மாத்திரை எடுத்த பிள்ளைக்கு அந்தச் சலுகை இல்லை. அதனால்தான் கடற்கரைக் கோடையில் இந்த மருந்தைக் கூடுதல் கவனத்தோடு கையாள வேண்டியிருக்கிறது: பகல் முழுதும் வெயிலில் வற்றிப்போன பிள்ளை இரவு எட்டு மணிக்குத்தான் தண்ணீரைத் தேடுவான். அன்று மாலைக்குள் அவன் போதுமான அளவு குடித்திருக்கிறான் என்று பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தால் மட்டுமே மாத்திரை கொடுக்கலாம்.

மாலை வேளையில் கடலில் நீந்தி விளையாடும் பிள்ளைகள் தம்மையறியாமல் நிறைய நீரை விழுங்கிவிடுவார்கள். மாத்திரை எடுக்கும் நாட்களில் அந்த விளையாட்டைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும் நாளில் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும். மகனுக்கு வேறு மருந்துகள் எதுவும் கொடுத்து வந்தால், வலிமாத்திரை உட்பட, மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள். இமிப்ரமின் என்ற பழைய மருந்தும் இதற்காகச் சில வீடுகளில் இருக்கும். அளவு மீறினால் இதயத்தைத் தாக்கக்கூடிய அதை முகாம் மூட்டையில் வைத்து அனுப்பவே கூடாது.

கேள்வி: என் பேத்திக்கு ஆறு வயது. ஒரு வருடத்துக்கும் மேலாகப் படுக்கையை நனைக்காமல் இருந்தவள், இரண்டு மாதமாக மறுபடியும் நனைக்கிறாள். தண்ணீரும் அதிகமாகக் கேட்கிறாள். அவளுடைய வாப்பா விடுமுறை முடிந்து வளைகுடாவுக்குத் திரும்பிய ஏக்கம் என்று வீட்டில் சொல்கிறார்கள். விடுமுறையில் உறவினர்கள் எல்லோரும் வாலிநோக்கம் கடற்கரையில் ஓர் இரவு கூடாரத்தில் தங்க எண்ணியிருக்கிறோம். அன்று அவளை எப்படிச் சமாளிப்பது?
— வாசகர், கீழக்கரை

பதில்: பயணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். இந்த இதழ் உங்கள் கைக்கு வந்த நாளிலேயே பேத்தியை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் நனையாமல் இருந்த பிள்ளை மீண்டும் தொடங்கினால் அதற்குக் காரணம் தேடியே ஆக வேண்டும். தந்தை பிரிந்த ஏக்கம், புதிதாகப் பிறந்த தம்பி தங்கை, பள்ளி மாற்றம் ஆகியவை காரணமாக இருக்கலாம் என்பது உண்மையே. ஆனால் தாகமும் சேர்ந்திருப்பதால், ஏக்கம் என்ற முடிவுக்கு வருமுன் சர்க்கரை நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். குழந்தைகளுக்கு வரும் முதல் வகைச் சர்க்கரை நோய் பல நேரம் இப்படித்தான் தலைகாட்டுகிறது: ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், நன்றாகச் சாப்பிட்டும் மெலிதல், சோர்வு. சிறுநீரில் எறும்பு மொய்க்கிறதா என்று நம் வீடுகளில் பார்ப்பார்கள். மொய்க்கவில்லை என்பதால் நோய் இல்லை என்று இருந்துவிட முடியாது. விரல்நுனி இரத்தத்திலும் சிறுநீரிலும் செய்யும் பரிசோதனைகள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்பதும் அப்போதே பெருமளவுக்குத் தெரிந்துவிடும். சிறுநீர் போகும்போது எரிச்சல், காய்ச்சல், துர்நாற்றம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இடையில் வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, அசாதாரணமான உறக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் மறுநாள் வரை காத்திருக்காமல், அது நள்ளிரவே ஆனாலும், பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அதுவரை அவளுக்குத் தண்ணீரை மறுக்கக் கூடாது. பரிசோதனைகளில் எதுவும் இல்லை என்று தெரிந்தால், முதல் கடிதத்துக்கு எழுதிய ஏற்பாடுகள் உங்கள் பேத்திக்கும் பொருந்தும். உறவினர் கூட்டத்தில் அவள் உம்மாவுக்குப் பக்கத்தில், கூடாரத்தின் ஓரத்தில் படுத்துக்கொள்ளட்டும். வாப்பாவோடு படுக்கும் முன் தொலைபேசியில் பேச வைப்பதும் நல்லதே.

கேள்வி: பள்ளி ஒன்றில் குருளையர் படையை நடத்தும் ஆசிரியர் நான். கடற்கரை முகாமுக்கு வரும் பிள்ளைகளில் ஒருவனைப் பற்றி அவன் தாயார் இரகசியமாகச் சொல்லியிருக்கிறார். மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இதை எப்படி நடத்துவது?
— வாசகர், பரமக்குடி

பதில்: நனைந்த பாயை எல்லோர் கண்ணிலும் படும்படி கூடாரக் கயிற்றில் விரித்துப் போடும் முகாம்களைப் பற்றிப் பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பதால், நீங்கள் இப்படிக் கேட்பதே எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

ஒரு பிள்ளைக்காகச் செய்வதை இயன்றவரை எல்லாப் பிள்ளைகளுக்குமான ஒழுங்காக ஆக்கிவிடுங்கள். மாலை ஐந்து மணிக்கு எல்லோரும் தண்ணீர் குடிப்பது, படுக்குமுன் எல்லோரும் வரிசையாகக் கழிப்பறைக்குப் போவது, விடிந்ததும் எல்லோரும் தங்கள் படுக்கையைத் தாங்களே சுருட்டிப் பையில் இடுவது, பிறகு எல்லோரும் கடற்குளியல், அதன்பின் நல்ல தண்ணீர்க் குளியல் என்று வைத்துவிட்டால், அந்தப் பையனுக்கென்று தனியாகச் செய்ய வேண்டியது இரவில் ஒருமுறை எழுப்புவது மட்டுமே. அவனைக் கூடாரத்தின் வாசல் ஓரத்தில், கழிப்பறை இருக்கும் பக்கமாகப் படுக்க வையுங்கள். உள்ளே மூலையில் படுத்தவன் நான்கு பேரைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். எழுப்பும்போது பெயர் சொல்லிக் கூப்பிடாமல் தோளைத் தொட்டு எழுப்புங்கள். எழுப்புவதற்கும் அழைத்துச் செல்வதற்கும் பெரியவர்கள் இருவராகவே போங்கள்; உடை மாற்ற உதவ நேர்ந்தாலும் அப்படியே. பிள்ளையின் பாதுகாப்புக்கும் உங்கள் பாதுகாப்புக்கும் அது அவசியம். தாயார் ஒருவரிடம் மட்டுமே சொல்லியிருப்பதால், உடன் வரும் இரண்டாமவர் யார் என்பதை அவரிடமும் பையனிடமும் முன்பே தெரிவித்துவிடுங்கள். மாத்திரை கொடுத்தனுப்பியிருந்தால், அளவும் நேரமும் நீர்க் கட்டுப்பாடும் எழுதிய சீட்டு இல்லாமல் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் ஒருநாளும் நனைக்காத பிள்ளையும் புதிய இடம், களைப்பு, பயம் இவற்றால் முகாமில் நனைத்துவிடலாம். அந்தப் பிள்ளையிடம் மாற்று ஏற்பாடு எதுவும் இருக்காது. எல்லோரும் அணியும் அதே காக்கியிலோ கருநீலத்திலோ நான்கைந்து மாற்றுக் கால்சட்டைகளும் இரண்டு விரிப்புகளும் உங்கள் சாமான் பெட்டியில் இருக்கட்டும். யாராவது கேலியாகப் பேசத் தொடங்கினால், கேலிக்கு உள்ளானவனை எழுப்பி நிறுத்தி அறிவுரை வழங்கும் கூட்டமாக அதை ஆக்கிவிடாமல், கேலி செய்தவனைத் தனியே அழைத்து ஒரே வாக்கியத்தில் நிறுத்துங்கள்.

பயன்படுத்திய டயாபர்களை மணலில் புதைக்க விடாதீர்கள். நாய்கள் தோண்டி எடுத்துக் கரையெங்கும் இழுத்துப் போடும். போதாததற்கு, கடலாமைகள் முட்டையிட வரும் கரைகள் இந்த மாவட்டத்தில் உண்டு. இறுகக் கட்டிய பையில் ஊருக்கே திருப்பிக் கொண்டுவந்து குப்பை வண்டியில் சேர்க்க வேண்டும்.

திரும்பி வந்ததும், இரவுகள் எப்படிக் கழிந்தன என்று தாயாரிடம் சொல்ல வேண்டியிருக்கும். பேருந்து நின்ற இடத்தில், மற்றப் பெற்றோர் சூழ நிற்கும்போது சொல்லாமல், அன்று மாலை தொலைபேசியில் சொல்லுங்கள். துவைக்க வேண்டிய துணி எந்தப் பையில் இருக்கிறது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.